சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு

வாசகர் கேள்வி – பட்டறை பதில்

பெங்களூரு பீன்யாவில் ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தத்தில் எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய்) பட்டறை நடத்தும் நம் வாசகி, சின்ன டிராக்டர்களில் எண்ணெய் ஒழுகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு வீடு அல்சூரில், திராட்சைத் தோட்டம் தொட்டபள்ளாபுரம் பக்கம். வரிசைக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக 24 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் வாங்கி ஓட்டுகிறோம். கொஞ்ச நாளாகக் காலையில் போய்ப் பார்த்தால் வண்டிக்கு நடுவில், கிளட்ச் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய் தேங்கி நிற்கிறது. வேலை செய்யும்போது சொட்டுவதாகத் தெரியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் பக்கம் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கினால் திக்கித் திக்கி ஏறுகிறது. வண்டியை இரண்டாகப் பிரித்து சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும், பம்பும் போயிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

மெக்கானிக் ஏன் அப்படிச் சொன்னார் என்று முதலில் பார்ப்போம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் உட்கார்ந்திருக்கும் அறை பொதுவாகக் காய்ந்தே இருக்க வேண்டிய அறை. அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பல வண்டிகளில் அந்தத் துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் தொங்கிக்கொண்டிருக்கும். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போனாலும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் வரும். இரண்டில் எதை மாற்றுவதானாலும் வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும். கிளட்ச்சுக்குக் கீழே எண்ணெய் என்றதும் அவர் மனசு அங்கே போனது நியாயம்தான்.

ஆனால் எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும், வார்ப்பின் விளிம்பில் திரும்பும், ஒரு போல்ட் தலையில் போய்ச் சேர்ந்து அங்கிருந்து விழும். உங்கள் மாதிரி வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பெரும்பாலும் இன்ஜின் பக்கம் இருக்கும். எண்ணெய் இருப்பதோ பின்னால், கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் இருக்கிற அதே பெட்டியில். ஆக, பின்னாலிருந்து பம்புக்கு உறிஞ்சும் குழாயும், பம்பிலிருந்து, கருவியைத் தூக்கும் லிஃப்டுக்குப் போகும் அழுத்தக் குழாயும் கிளட்ச் அறையின் பக்கவாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் காரியம், அது எந்த எண்ணெய் என்று பாருங்கள். ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிடுங்கள். கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் இருந்தால் பின்பெட்டி எண்ணெய். மெல்லியதாகப் பரவி மூக்கில் ஏறினால் டீசல். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். இதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

உங்களுடையது தேன் நிறம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் சொன்ன அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். நிற்கும்போது ஒழுகுகிறது, ஓடும்போது ஒழுகவில்லை. பம்ப் முனகுகிறது. லிஃப்ட் திக்குகிறது. அழுத்தக் குழாய் போயிருந்தால் கதை தலைகீழாக இருக்கும்: ஓடும்போது, அதுவும் பாரம் தூக்கும்போது பீய்ச்சும், நிறுத்தினால் அடங்கிவிடும். நிற்கும்போது மட்டும் ஒழுகினால் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கிற, அழுத்தம் இல்லாத ஏதோ ஓர் இணைப்பு என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் எனக்கு முதல் சந்தேகம் உறிஞ்சு குழாய் மேல்தான். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் சின்னக் கீறல் விழுந்தால் இளநீரோடு காற்றும் வாய்க்கு வருமே, அதேதான். ஓடும்போது பம்ப் அந்தக் கீறல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது, அதனால் சொட்டு வெளியே வருவதில்லை. காற்றுக் குமிழி பம்புக்குள் போய் நசுங்குகிற சத்தம்தான் உங்கள் ‘ஙொய்’. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் ரோட்டவேட்டர் திக்குகிறது. வண்டி நின்றதும் உறிஞ்சல் நின்றுபோய், அதே கீறல் வழியாக எண்ணெய் வெளியே இறங்குகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வையுங்கள். நுரைத்திருந்து சிறிது நேரத்தில் தெளிந்தால் காற்று. பால் கலந்த மாதிரி அப்படியே நின்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அது வேறு வியாதி, எண்ணெய் முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

அப்புறம் கழுவுங்கள். டீசலும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெயிலில் காய விடுங்கள். ஸ்பிரே பம்பை வைத்து சீல் மேலும் டைனமோ மேலும் பீய்ச்ச வேண்டாம். காய்ந்த பிறகு குழாய்கள், இணைப்புகள், பம்ப், கிளட்ச் அறையின் பக்கங்கள் எல்லாவற்றிலும் முகப் பவுடரைத் தூவுங்கள். மூன்று ரூபாய் சாக்பீஸை இடித்துத் தூவினாலும் சரி, வீட்டுப் பவுடரை எடுத்துப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். ஈரமான இடங்களிலேயே உயரத்தில் இருப்பது எதுவோ, அதுதான் ஆள்.

உங்களுக்கு அது ரப்பர் குழாயும் கிளிப்பும் சேரும் இடமாகவோ, இரண்டு போல்ட் போட்ட ஃபிளாஞ்சுக்குள் இருக்கும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையமாகவோ இருக்கும் என்பது என் கணிப்பு. ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் பிரயோஜனமில்லை, குழாயை மாற்றுங்கள். தண்ணீர்க் குழாயையோ டீசல் குழாயையோ வெட்டிப் போடக் கூடாது. சூடான எண்ணெயில் ஊறி, உறிஞ்சும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சுருள் கம்பி வைத்த எண்ணெய் உறிஞ்சு ஹோஸ் தனியாக இருக்கிறது, கடையில் ‘ஆர் 4’ என்று கேளுங்கள். ஓ ரிங் என்றால் நைட்ரைல் ரப்பரில் வாங்குங்கள். பழைய ரிங் நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதை அளந்தால் தப்பான சைஸ்தான் வரும். அது உட்காரும் பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைக்காரர் சரியானதை எடுத்துக் கொடுப்பார்.

குழாய் கழன்றிருக்கும்போதே உறிஞ்சு வடிகட்டியையும் கழுவிவிடுங்கள். அது அடைத்திருந்தால் பம்ப் இன்னும் வலுவாக இழுக்கும், புது இணைப்பிலும் காற்று புகும். மாட்டி முடித்து எண்ணெய் ஊற்றியதும் மெதுவான ஓட்டத்தில், பாரம் இல்லாமல், லிஃப்ட்டைப் பல முறை ஏற்றி இறக்கினால் சிக்கிய காற்று தானாக வெளியேறும். அதற்குப் பிறகுதான் அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். சமதரையில், இன்ஜினை அணைத்து, கருவியைத் தரையில் இறக்கிவிட்டுப் பாருங்கள். தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள்.

பவுடர் எல்லா இடத்திலும் காய்ந்திருந்து, ஸ்பிளிட் பின் துளையிலிருந்து மட்டும் சொட்டினால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. அப்போதும் பிரிக்கும் முன்னால் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: பின்பெட்டியின் மேலே, உள்காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர். விரல் தடிமனில் தொப்பி போட்ட சின்னக் குழாய், சில வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து அதில் இறுகிவிடும். எண்ணெய் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, போக வழி இல்லாமல் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது. நல்ல சீலே ஒழுகும். புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்று பட்டறைக்கு வருகிறவர்களை நான் முதலில் கேட்பது பிரீதரைப் பற்றித்தான். பல நேரம் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. டீசலில் ஊற வைத்து ஊதினால் போதும், செலவே இல்லை.

பிரிப்பது என்று முடிவானால் இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒன்றைச் சேமிக்கப் போய் அடுத்த வருஷம் மறுபடி கூலி கொடுக்க வேண்டாம். சீலின் ஸ்பிரிங் பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். ஷாஃப்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் விரல் நகத்தில் தட்டினால், இடம் இருக்கும் பட்சத்தில் புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ஷாஃப்ட் மேல் மாட்டும் மெல்லிய ஸ்லீவ் கிடைக்கிறது.

கேள்வி: எங்களுடையது மாலூர் பக்கம், செங்கல் ஏற்றும் டிப்பர் டிரெய்லர். ஹைட்ராலிக் ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து புகை மாதிரி எண்ணெய் பறக்கிறது. சைக்கிள் டியூப் சுற்றி, மேலே எம்சீல் வைத்து, கிளிப் போட்டோம். இரண்டு நடை தாங்கியது. நிரந்தரமாக நிற்க வேறு என்ன வைத்து ஒட்டலாம்?
– வாசகர், மாலூர்

பதில்: ஐயா, எதை வைத்தும் ஒட்டாதீர்கள். ‘புகை மாதிரி’ என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். சின்ன டிராக்டரின் ஹைட்ராலிக்கில் 150 பார் அழுத்தம் என்றால் அது 2,000 பவுண்டுக்கு மேல். சைக்கிள் டியூப் அதன் முன்னால் என்ன செய்யும்? அதைவிட முக்கியமானது உங்கள் கை. ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய், ஊசி போடுவது போலவே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 100 பவுண்டு அழுத்தமே அதற்குப் போதும். வெளியே பார்த்தால் கொசுக் கடித்த அளவு புள்ளி. முதலில் வலியும் பெரிதாக இருக்காது, அதனால் மஞ்சள் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே எண்ணெய் சதையைச் சிதைத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அறுவைசிகிச்சை வசதி இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய், “ஹைட்ராலிக் ஆயில் பிரஷரில் உள்ளே போயிருக்கிறது” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஓட்டையைத் தேட வேண்டுமென்றால் அட்டைத் துண்டையோ பலகையையோ தூரத்தில் பிடித்து ஹோஸ் நெடுக நகர்த்துங்கள், அட்டை நனையும் இடம்தான் ஓட்டை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் முன் டிரெய்லர் தொட்டியை முழுக்க இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் சில முறை தள்ளி உள்ளே தேங்கிய அழுத்தத்தைப் போக்குங்கள். தொட்டி தூக்கிய நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால் கட்டை முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையைக் கூட நீட்டக் கூடாது.

இனி ஹோஸ். பழையதைத் தூக்கிப் போடாமல் அப்படியே கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் இரண்டு முனையையும் கட்டி எடுத்து வரவும். பீன்யா மெட்ரோ ஸ்டேஷன் படியில் எண்ணெய் சொட்ட வந்து, அதன் பிறகு ‘அக்கா எழுதியதைப் படித்துத்தான் வந்தேன்’ என்று அங்கே என் பெயரைச் சொல்ல வேண்டாம். ஹோஸின் மேலேயே எழுத்து ஓடும்: சைஸ், வகை, அழுத்தம், தயாரித்த தேதி. ‘1எஸ்என்’ அல்லது ‘ஆர்1’ என்றால் உள்ளே ஓர் அடுக்கு எஃகுக் கம்பிப் பின்னல். ‘2எஸ்என்’ அல்லது ‘ஆர்2’ என்றால் இரண்டு அடுக்கு. 3/8 அங்குலத்தில் ஓர் அடுக்கு 180 பார் தாங்கும், இரண்டு அடுக்கு 330 பார். அரை அங்குலத்தில் 160-உம் 275-உம். டிப்பர் வேலைக்கு நான் இரண்டு அடுக்குதான் போட்டுக் கொடுப்பேன். ஓர் அடுக்கு கணக்குக்குத் தாங்கும், ஆனால் தொட்டி பொத்தென்று விழும்போது வருகிற அடியில் கணக்கு நிற்காது.

ஹோஸ் ஏன் அந்த இடத்தில் ஓட்டையானது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் புதியதும் அதே இடத்தில் போகும். பெரும்பாலும் சேஸிஸ் விளிம்பில் உரசி மேல்தோல் போயிருக்கும், கம்பி வெளியே தெரிந்து மழையில் துருப் பிடித்திருக்கும். அல்லது முனைக்குப் பக்கத்திலேயே கூர்மையாக மடித்திருப்பார்கள். 3/8 இரண்டடுக்கு ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது, அரை அங்குலமென்றால் 180. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் விறைப்பாக இழுத்தும் மாட்டக் கூடாது. மாட்டும்போது இரண்டு ஸ்பேனர்: ஒன்று ஹோஸ் முனையில் இருக்கும் உலோக நிப்பிளைப் பிடிக்க, மற்றது நட்டை முறுக்க. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் ஹோஸும் சேர்ந்து முறுகிவிடும். மேலே ஓடும் எழுத்து வரி சுருண்டு போயிருந்தால் முறுக்கி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: அக்கா, எங்கள் வண்டியில் ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. அடியில் சாக்கு விரித்தும் பார்த்தேன். எண்ணெய் எங்கேதான் போகிறது?
– வாசகி, ஆனேக்கல்

பதில்: இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாரம்மா. மட்டம் ஏறியிருந்தால் பதில் அங்கே இருக்கிறது.

சில வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினின் டைமிங் கியரிலேயே மாட்டியிருக்கும். பம்ப் ஷாஃப்டில் இருக்கும் சீல் தேய்ந்தால், எண்ணெய் வெளியே வராமல் நேரே இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் போகும். பின்பெட்டியில் குறையும் எண்ணெய் முன்னால் ஏறும். இன்ஜின் ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள், அது கலப்பட எண்ணெய் என்று தெரியாமல். மட்டம் ஏறியிருந்தால் வண்டியை ஓட்டாதே. முதலில் டீசல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார். வந்தால் அது டீசல் பக்கத்துக் கோளாறு, வேறு ஆளிடம் காட்ட வேண்டும். வாசனை இல்லையென்றால் பம்ப்பைக் கழற்றி சீல் மாற்றி, இன்ஜின் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிடு. பம்ப் நன்றாக இருக்கும்போது சீலுக்காக முழு பம்ப் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, அப்போது புது சீல் நிற்காது.

மட்டம் ஏறவில்லை என்றால் இன்னும் இரண்டு இடம். டிப்பரையோ வேறு கருவியையோ கப்ளரில் (ஹோஸைச் சொருகிக் கழற்றும் இணைப்பு) மாட்டிக் கழற்றுகிறீர்களா? தொட்டி தூக்கியபடி கழற்றினால் எண்ணெய் அந்த சிலிண்டரிலேயே தங்கிவிடும். இல்லையென்றால் பின் ஆக்ஸில் சீலைப் பார். அது போனால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கில் ஊறும், தரைக்கு வராது. ஒரு பக்கம் பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், நினைவுபடுத்திக்கொள். இது உலர் பிரேக் வண்டிக்கு, அதாவது பிரேக் எண்ணெயில் ஊறாத வண்டிக்கு மட்டும்.

கேள்வி: சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட் வளாகத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். புல்வெளிக்கும் மண் அள்ளவும் முன்பக்க லோடர் மாட்டிய சின்ன டிராக்டர் இருக்கிறது. லோடர் சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் தண்டில் (ராடில்) எண்ணெய் வழிகிறது. சீல் செட் மாற்றினோம், ஒரு மாதத்தில் மறுபடியும் வழிகிறது. டூப்ளிகேட் சீலா?
– வாசகர், சர்ஜாபூர்

பதில்: சீல் டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் ராடைப் பார்ப்பேன். முழுக்க வெளியே நீட்டி, இன்ஜினை அணைத்து, அழுத்தத்தைப் போக்கி, துடைத்துவிட்டு, விரல் நகத்தை ராட் நெடுக ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் அந்த இடம் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலின் உதட்டை அறுக்கிறது. மண் அள்ளும் வேலையில் கல் தெறித்துப் பட்டிருக்கும். அல்லது லோடரைத் தூக்கிய நிலையிலேயே மழையில் நிறுத்தியிருப்பீர்கள், வெளியே நீட்டியிருக்கும் ராடில் குரோம் பூச்சு பொடிப் பொடியாகத் துருப் பிடித்திருக்கும்.

சின்னப் பிசிறு என்றால் 600 நம்பர் எமரி காகிதத்தில் எண்ணெய் விட்டு, ராடைச் சுற்றி வருகிற மாதிரி தேய்த்து எடுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகிவிடும். ஆழமான கீறல், குரோம் உரிந்தது என்றால் ராடைக் கழற்றி ஹார்ட் குரோம் போடுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். எங்கள் பீன்யாவில் அதற்குப் பட்டறைகள் இருக்கின்றன. ராட் வளைந்திருந்தாலும் சீல் ஒரு பக்கமாகத் தேயும், தட்டையான மேஜையில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சீல் போட்ட விதத்தையும் கேளுங்கள். யு வடிவ சீலின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். தூசி துடைக்கும் வைப்பர் சீலின் உதடு வெளியே பார்க்க வேண்டும். திருப்புளியால் நெம்பிப் போட்டால் உதடு அங்கேயே கிழிந்துவிடும். வெதுவெதுப்பான எண்ணெயில் கொஞ்ச நேரம் வைத்தால் சீல் இளகும், கையாலேயே மடித்து உள்ளே விடலாம்.

கேள்வி: வெளியே ஒழுகல் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கி நிறுத்தும் கலப்பை காலையில் தரையில் இருக்கிறது. இதுவும் லீக்தானா?
– வாசகர், ஹொசகோட்டை

பதில்: லீக்தான், உள்ளுக்குள். பல வண்டிகளில் லிஃப்ட் சிலிண்டர் பின்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டன் ஓ ரிங் தேய்ந்தாலோ, கண்ட்ரோல் வால்வில், எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வுக்கு அடியில் தூசி சிக்கினாலோ எண்ணெய் அதே பெட்டிக்குள் திரும்பிவிடும். ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு இறங்கினால் கவலைப்படாதீர்கள். இன்ஜின் ஓடும்போது கலப்பை கொஞ்சம் இறங்கி, தானாக ஏறி, மறுபடி இறங்கிக் குலுங்கிக்கொண்டே இருந்தால்தான் பிரித்துப் பார்க்கும் நேரம். அதற்கு முன் எண்ணெயையும் ஃபில்ட்டரையும் மாற்றிப் பாருங்கள், தூசியாக இருந்தால் அதிலேயே சரியாகலாம். எப்படியானாலும் தூக்கி நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். குழந்தைகள் ஓடுகிற இடம்.

கேள்வி: ஒழுகலைச் சரிசெய்யும் வரை சமாளிக்க, பழைய இன்ஜின் ஆயிலை வடிகட்டி ஹைட்ராலிக்கில் ஊற்றலாமா? நிமிஷத்துக்குச் சில சொட்டுதான் போகிறது.
– வாசகர், அத்திபெலே

பதில்: கூடாது. பின்பெட்டியில் பிரேக்கும் எண்ணெயில் ஊறி ஓடுகிற வண்டி என்றால் அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், டப்பாவில் ‘யுடிடிஓ’ என்று போட்டிருக்கும். வேறு எதை ஊற்றினாலும் பிரேக் கத்தும், பிடிக்காது. எந்த எண்ணெய் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் டீலரிடம் கேளுங்கள், டீக்கடையில் கேட்காதீர்கள்.

சில சொட்டுதானே என்கிறீர்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு ஒரு நாளில் 4 லிட்டரைத் தாண்டும். பத்து நொடிக்கு ஒன்று என்றாலும் இரண்டரை நாளில் ஒரு லிட்டர் போய்விடும். அந்தப் பழைய இன்ஜின் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை: வரப்பிலோ கிணற்றோரமோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் வருகிறது. கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் நிப்பிளில் டெஃப்லான் டேப் சுற்றினால் லீக் நிற்குமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பிளம்பர் வேலை அது. ஹைட்ராலிக் யூனியனில் எண்ணெயைத் தடுப்பது மரை இல்லை. கூம்பு மேல் கூம்பு உட்காரும் இடமோ, ஓ ரிங்கோ, வாஷரோதான் தடுக்கிறது. மரையில் எவ்வளவு டேப் சுற்றினாலும் அந்த இடத்துக்கு அது எட்டாது. டேப்பிலிருந்து பிய்ந்த நூல் வால்வுக்குள் போய், உள்ளே நகரும் தண்டான ஸ்பூலைச் சிக்க வைக்கும். கழற்றி, கூம்பில் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் நிப்பிளை மாற்றுங்கள். செம்பு வாஷர் போட்ட இடமென்றால் புது வாஷர் போடுங்கள், இல்லையேல் ரப்பர் உதடு வைத்த பாண்டட் வாஷர் போடுங்கள், அது இன்னும் நன்றாக நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரு டீ விலைதான் ஆகும்.